பிறகு சொல்லுறம்

அறுபத்தொன்பதாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. காலையிலேயே தரகர் இளையதம்பி சைக்கிளில் அளவெட்டிக்குப் போயிருந்தார், மாப்பிள்ளை வீட்டாரிடம் கடைசியாக ஒரு வார்த்தை கேட்டு வர. மாப்பிள்ளை கச்சேரியில் கிளாக்கர். பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் கச்சேரி. என்னைக் கோயிலில் வைத்துப் பார்த்து, பிறகு வீட்டுக்கும் வந்து பாடச் சொல்லிக் கேட்டு, பலகாரத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போனவர்கள். ஒரு மாதமாக, எப்போது கேட்டாலும் "பிறகு சொல்லுறம்" என்பதுதான் பேச்சு. எனக்கு முப்பத்திரண்டு வயது. வெட்கத்தைவிட எரிச்சல்தான் கூட.

இந்த லட்சணத்தில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு மெட்டமைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ரோட்டில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் என் கண் ஜன்னலுக்குப் போனது. ஆர்மோனியத்தில் விரல் பிசகியது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"மோகனத்திலை ஐஞ்சு சுரம். ச எங்கடை வீடு. கேள்வியைப் ப-விலை விடுங்கோ, அது அந்தரத்திலை நிக்கும். மறுமொழி ச-வுக்கு வந்து சேரவேணும். வீட்டிலை கதைக்கிற கதை ஒண்டுக்கு மெட்டுப் போடுங்கோ பாப்பம்" என்றேன்.

பூரணம் எழும்பினாள். "சாப்பிட்டாச்சோ?" என்று ப-வில் நிறுத்தி, "ஓம், ஓம்" என்று ச-வில் வந்து அமர்ந்தாள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைவில்லாத பிள்ளை. ஆனால் மெட்டில் பிழையில்லை.

அடுத்தது யசிந்தா. குருநகர்ப் பிள்ளை, மாதா கோயிலில் பாடிப் பழகிய கணீரென்ற குரல். "எப்ப முடிவு சொல்லுவியள்?" என்று ப-வில் நீட்டினாள். பிறகு மெல்ல இறங்கி, "பிறகு சொல்லுறம்" என்று ரி-யிலேயே நின்றுவிட்டாள். இன்னும் ஒரு படி இறங்கினால் ச.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கதை குருநகர் வரைக்கும் போய்விட்டதா?

"ஆரடி உனக்கு இதைச் சொன்னது?"

அவள் முகம் வெளிறிப்போனது. "எங்கடை அக்காவைப் பாத்திட்டுப் போன ஆக்கள், ரீச்சர். அப்பா கேக்கப் போற நேரமெல்லாம் இதைத்தான் சொல்லுகினம்."

"சரி. ச-விலை முடி." என் குரல் இன்னும் தணியவில்லை.

பாடிப் பார்த்தாள். திரும்பவும் பாடினாள். "சரிவரேல்லை, ரீச்சர். ச-விலை முடிச்சா மறுமொழி சொன்ன மாதிரிக் கிடக்கு. அவை ஒண்டும் சொல்லேல்லையே."

நானே ஆர்மோனியத்தில் வாசித்தேன். ச-வில் வைத்தால் அந்தச் சொல் பொய்யாய் ஒலித்தது. ரி-யில் விரலை வைத்துத் துருத்தியை அமுக்கினேன். அந்தச் சுரம் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மாதமாக நான் நிற்கிற இடம் இதுதான் என்று பட்டது.

"அப்ப சொல்லை மாத்து" என்றேன். "அவை மறுமொழி சொல்லாட்டி உன்ரை அக்கா சொல்லட்டும்."

யசிந்தா கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம்" என்று ச-வில் வந்து நின்றாள். இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பின்னேரம் நான் கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர, இளையதம்பியின் சைக்கிள் வேலியில் சாத்திக் கிடந்தது. அம்மா அவருக்குக் கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம், அண்ணை?"

"வேண்டாமெண்டு சொல்லேல்லை, பிள்ளை. பிறகு சொல்லுறம் எண்டவை." நல்ல சேதி போலத்தான் சொன்னார்.

"பொறுத்துப் பாப்பம்" என்றாள் அம்மா.

"பொறுக்கத் தேவையில்லை. எனக்கு வேண்டாம் எண்டு போய்ச் சொல்லுங்கோ."

அம்மா வாயில் கைவைத்தாள். இளையதம்பி கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பெண்ணொருத்தி இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை போலும்.

"அப்ப... வேறை இடம் பாக்கட்டோ, பிள்ளை?"

"பிறகு சொல்லுறன்" என்றேன்.