முதலில் திரும்பிய தட்டு

மேல் வீட்டு ஓவன்காரி தந்த கேக்கை இரண்டு பைகளில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டியின் அடியில் திணித்த பிறகும் அந்த வாடை என் கையை விட்டுப் போகவில்லை. பச்சை முட்டையும் ஈரத் துணியும் ஒன்றாகப் புழுங்கிய வாடை. கேக் என்று அவள்தான் சொன்னாள். பழுப்பாக, பளபளவென்று, யாரோ மென்று பாதியில் துப்பியதைச் சதுரமாக வெட்டியதுபோல இருந்தது. வாழைப்பழத் தோலை வேகவைத்து அரைத்துச் செய்ததாம். பழத்தை என்னடி செய்தாய் என்று கேட்டேன்.

"அதை அவர் சாப்பிட்டுட்டார்க்கா."

அந்த வீட்டில் ஒருவருக்காவது விவரம் இருக்கிறது.

துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகும் படி அவள் சமையலறை ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. எட்டிப் பார்க்கும் புத்தி எனக்குக் கிடையாது. ஆனால் அந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கும், நின்றுதான் ஆகவேண்டும், நின்றால் கண்ணை எங்கே கொண்டு போய் வைப்பது? அப்படித் தெரிந்ததுதான். கரண்டியை நக்கிப் பார்ப்பாள், அதே கரண்டியை மாவுக்குள் விட்டுக் கலக்குவாள். புறங்கையால் மூக்கைத் துடைப்பாள். மறுபடியும் நக்குவாள். அந்த மாவு பீட்ரூட் பிஸ்கட்டாகவோ பட்டாணி கிரீமாகவோ பிறவி எடுத்து, சாயங்காலம் தட்டோடு என் வாசலில் வந்து நிற்கும்.

வழக்கமாகத் தட்டை ஒரு ஓரமாக வைத்திருந்து, சாவகாசமாகத் திருப்பிக் கொடுப்பேன். இந்த முறை அது வீட்டில் இருப்பதையே சகிக்க முடியவில்லை. சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, கை ஈரம் காய்வதற்குள் மேலே போய் நீட்டிவிட்டேன்.

"அதுக்குள்ளயா காலி?" என்று கண்ணை விரித்தாள்.

"சூடா இருக்கும்போதே முடிஞ்சுபோச்சும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் காலை அவளே கீழே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். ஆர்டர் கொடுக்கலாமா என்று ஒரு பெரிய ஆபீஸ் கேன்டீன்காரர் ருசி பார்க்க வந்திருக்கிறாராம்.

"இவரும் வேணாம்னுட்டா ஓவனை வித்துடணும்னு எங்க வீட்டுக்காரர் கண்டிஷனா சொல்லிட்டார்க்கா. நீங்க பக்கத்துல நின்னா எனக்குத் தெம்பு."

"எதைக் கொடுக்கப் போறே?"

"தோல் கேக்குதான்!" என்றாள், படியேறிக்கொண்டே. "வாயால எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்றீங்க. அதனால எதோட தட்டு சீக்கிரம் திரும்புதோ, அதுதான் நல்ல கேக்குன்னு நானா வெச்சிருக்கேன். உங்க தட்டு நேத்து பறந்துல்ல வந்துச்சு!"

"ஏண்டி, போன வாரம் கொடுத்தியே, அந்த ஆரஞ்சு கேக்கு?"

"அதை நீங்க மூணு நாளா திருப்பவே இல்லையே. பிடிக்கலைன்னு விட்டுட்டேன்."

தினம் ஒரு விள்ளலாக, டீயோடு, வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டாமல் தின்ற கேக் அது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசல் வந்துவிட்டது.

கேன்டீன்காரர் கனத்த மனிதர். நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கணவன் ஓவன்மேல் சாய்ந்துகொண்டு, அதில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். விற்கும்போது சுத்தமாக இருக்க வேண்டுமே. மேசை நடுவில் பழுப்புச் சதுரங்கள் வியர்த்துக்கொண்டிருந்தன.

"இவங்கதான் சார், தட்டைத் துடைச்சுக் கொடுத்தவங்க."

அவர் கேக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க முதல்ல எடுங்கம்மா. திங்கறவங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பாதி தெரிஞ்சிடும்."

ஓடவா முடியும்? ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். பல்லில் படுமுன்பே வழுக்கியது. வழுக்கலுக்குள்ளிருந்து நார்கள் கிளம்பின. ஒன்று கடைவாயில் மாட்டியது, இன்னொன்று நாக்கின் அடியில் சுருண்டது. அந்தக் கரண்டி நினைவுக்கு வந்தது.

"எப்படிக்கா இருக்கு? சொல்லுங்க, சார்கிட்ட சொல்லுங்க."

கேன்டீன்காரர் என் தொண்டையையே கவனித்தார். அவள் கணவன் சுரண்டுவதை நிறுத்திவிட்டான். அவளோ இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து எதிரில் நின்று, குழந்தைக்கு ஊட்டுகிறவளைப் போல, என் தாடை அசைய அசையத் தன் வெறும் வாயையும் மென்றுகொண்டிருந்தாள்.

அவள் விழுங்கிவிட்டாள். நான் இன்னும் மென்றுகொண்டிருந்தேன்.