எந்த ரவை நல்லது

வரதராசா எலிப்பொறி வைக்கக்கூட மனம் வராத மனிசர். கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் முப்பத்தொரு வருசம் கிளாக்கர் வேலை. மனைவி போய் ஐந்து வருசம். அப்படிப்பட்டவர் மூன்று வாரமாகக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து போனில் பார்த்ததெல்லாம், மான் சுட எந்தத் தோட்டா நல்லது என்று வெள்ளைக்காரர்கள் தாடியைத் தடவியபடி விளக்கும் வீடியோக்கள்.

காரணம் மகள் ஆரணி. கனடாவில், கல்கரிக்கும் அப்பால் பனி கொட்டும் ஓர் ஊரில் இருக்கிறாள். ஞாயிறு காலை தவறாமல் போன் எடுப்பாள். "சாப்பிட்டீங்களோ?" "ஓம்." "குளிசை போட்டீங்களோ?" "ஓம். ஹரிசன் எங்க?" "வேலைக்குப் போட்டார் அப்பா." மூன்று நிமிசம், அதோடு சரி. அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் சத்தம் போடுவது கடற்கரை ரெயில் ஒன்றுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னர்தான் அவள் திடீரென்று, "அப்பா, நான் மான் சுடப் போறன்" என்றாள். மருமகன் ஹரிசனின் பழைய துவக்கு ஒன்று வீட்டில் கிடக்கிறதாம். பிடிக்குக் கீழே ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். எந்தத் தோட்டா வாங்குவது என்றுதான் தெரியவில்லையாம். ஐயோ, அது பாவம் பிள்ளை என்று சொல்ல வரதராசாவுக்கு வாய் வந்தது. ஆனால் போனில் ஐந்தாவது நிமிசம் ஓடிக்கொண்டிருந்தது. பாவத்தை விழுங்கிவிட்டு, "நான் பார்த்துச் சொல்லுறன்" என்றார்.

வெள்ளவத்தையில் ஒரு தமிழன் போனைப் பிடித்துக்கொண்டு துவக்கு, தோட்டா என்று கத்த முடியுமா? விடியப்புறம் ஆமிக்காரரின் சப்பாத்துக்கால்கள் படியேறி வந்து அடையாள அட்டை கேட்ட காலம் போய் எத்தனையோ வருசம். பயம் மட்டும் இன்னும் நாக்கை விட்டு இறங்கவில்லை. ஆகவே துவக்கு "அந்தச் சாமான்" ஆயிற்று. தோட்டா ரவை ஆயிற்று. உப்புமா கிண்டும் ரவைக்கும் அதே பெயர் என்பதால் ஒட்டுக்கேட்பவனுக்குப் பசிதான் எடுக்கும்.

அடுத்த ஞாயிறு ஒட்டுக்கேட்டது எதிர்வீட்டு மாக்ரெட். "மகளோட இப்ப ரவைக் கதைதான் அங்கிள்" என்று ஒரு கிலோ வறுத்த ரவையைக் கொண்டுவந்து நீட்டினாள். "கொட்டாஞ்சேனையில எங்கட அக்கா வாங்கிற கடை. கட்டியே பிடிக்காது." அவர் நன்றி சொல்லி வாங்கி வைத்தார். வேறென்ன செய்ய?

இரண்டாம் ஞாயிறு இருபத்திரண்டு நிமிசம். "கூர் மூக்கு ரவை வாங்கிப்போடாதை பிள்ளை. உந்தச் சாமான்ர குழாய்க்குள்ள எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரிசையா நிக்கும். பின்னால நிக்கிறதின்ர கூர் முன்னால நிக்கிறதின்ர பின்புறத்தில குத்திக்கொண்டு நிக்கும், பஸ் கியூவில குடை வச்சிருக்கிற கிழவன் மாதிரி. அதிர்ச்சியில வெடிச்சாலும் வெடிக்கும். மொட்டை மூக்குத்தான் வேணும்."

ஆரணி சிரித்தாள். தாய் செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. இனி எடைதான் முடிவாக வேண்டும்: நூற்றைம்பது கிரெயினா, நூற்றெழுபதா? "ஹரிசனைக் கேளன், அவற்ற சாமான்தானே" என்றார். "அவருக்கு நேரமில்லை. நீங்களே சொல்லுங்கோ அப்பா." அந்த வாரம் முழுக்க வரதராசாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினார். "நூற்றைம்பது வேகம். நூற்றெழுபது பாரம். பாரமானது ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வெளியில வரும். சூடு பட்ட மான் அந்த இடத்திலயே விழாது பிள்ளை, கொஞ்சத் தூரம் ஓடும். பாரமானது எண்டால் பனியில ரத்தத் தடம் நல்லா விழும். ஆனா ரெண்டு பேர் போனால் எதெண்டாலும் பரவாயில்லை. நீ ஒரு பக்கம், ஹரிசன் ஒரு பக்கம் தேடலாம். இழுத்துக்கொண்டு வரவும் ஆள் இருக்கு. என்ன, ரெண்டு பேர்தானே?"

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"ஒராள்தான் அப்பா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஹரிசன் பங்குனியிலேயே போய்விட்டானாம். துவக்கை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லையாம். எட்டு மாதமாக ஞாயிறுக்கு ஞாயிறு வேலைக்குப் போன மருமகன், போனவன் போனவன்தான். "சொன்னால் நீங்கள் நித்திரை கொள்ளமாட்டீங்கள்" என்றாள். "வீட்டில இருந்தா சுவரைத்தான் பார்க்கோணும். அதுதான் காட்டுக்குப் போவமெண்டு."

அவனைத் திட்ட வேண்டும், இவளைத் தேற்ற வேண்டும். இரண்டுக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. மூன்று வாரமாகப் படித்தது மட்டும்தான் கைவசம் இருந்தது.

"அப்ப நூற்றெழுபது எடு பிள்ளை" என்றார். "தனியப் போற ஆளுக்கு அதுதான். போக முதல் எனக்குச் சொல்லு, வந்தும் சொல்லு."

"ஓம். வைச்சிடாதேங்கோ அப்பா. சும்மா லைன்ல நில்லுங்கோ."

நின்றார். அங்கே அவள் அழுது ஓய்ந்தாள். இங்கே இரண்டு ரெயில் போனது. வைத்தபோது ஒரு மணித்தியாலம் பதினொரு நிமிசம். மகளோடு நீண்ட நேரம் கதைக்கக் கிடைத்ததற்காகப் போன கிழமை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த மனிசருக்கு, இப்போது அந்த மூன்று நிமிசப் பொய்யே திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மாக்ரெட் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு. "அதே ரவைதான் அங்கிள். நீங்கள் கிண்டுற மாதிரித் தெரியேல்லை, நானே கிண்டினன். ஒராளுக்குத்தானே, கொஞ்சமாத்தான்."

மேசையில் வைத்து, ஒரு வாய் எடுத்தார். இத்தனை வருசமும் சாப்பிட்டீங்களோ என்று கேட்டது ஆரணிதான். ஓம் சொன்னது மட்டுமே இவர். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஞாயிறுக்குக் காத்திராமல், முதல் தடவையாக அவராகவே அவளுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, சாப்பிட்டனியோ?"

"இல்லை அப்பா" என்றாள் ஆரணி.