எண்ணெய் குடித்த மீன்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வேலாயுதம் தோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இஷ்தியாக் அகமது துணியைப் பிரித்து, தான் செய்த மீனை அவரிடம் நீட்டினான். ஒரு சாண் நீளம் இருக்கும். கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, மேலே ஆட்டுத்தோலை இழுத்துத் தைத்து, பித்தளைப் பொத்தானைக் கண்ணாகப் பதித்திருந்தான். தண்ணீரில் இழுக்கும்போது ஆடுவதற்காக வாயில் மண்ணெண்ணெய் டின் தகரத்தில் சின்னதாக ஒரு நாக்கு, வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாகத் தூண்டில் முள்.

"இன்னா சாயபு, செருப்புக்குக் கண்ணு வச்சிருக்கீங்க?" என்றார் வேலாயுதம்.

"நான் தோல் பதப்படுத்துற ஷாப்புக்குச் சரக்கு வாங்க வர்ற தொரை ஒருத்தரு, இதுமாதிரி மரமீனைத் தோணிக்குப் பின்னால இழுத்துட்டே போவாராம். பெரிய மீனு ஓடுறதைத்தான் தொரத்துமாம்."

"தொரை மீனும் தோல் போத்துக்கிட்டா இருந்துச்சு?"

"அதுல வர்ணம் அடிச்சிருந்தாங்க. வர்ணத்துக்கு நான் எங்க போவேன்? கைல இருந்தது தோலு."

அவன் மனைவி அஃப்ஸர் ஜஹான் தோணியின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். சிரித்தாளா என்று இஷ்தியாக் ஓரக்கண்ணால் பார்த்தான். இல்லை.

அவர்களுக்குப் பிறந்த குழந்தை பதினோரு நாள்தான் இருந்தது. அது போனதும் அம்மா வீட்டுக்கு வந்தவள், நாலு மாதமாகியும் ஆம்பூருக்குத் திரும்பவில்லை. அவன் மூன்று தடவை வந்து கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்து, "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள். இது நாலாவது தடவை. சாயந்திரம் வாலாஜா ரோட்டில் அவனுக்கு ரயில். வற்புறுத்திக் கூட்டிப்போக அவனுக்கு மனசு வரவில்லை, பேசிக் கூட்டிப்போக வாய் வரவில்லை. கல்யாணமான புதிதில் அவள், "எங்க ஏரி வாளை மீனைப் புடிச்சுக் காட்டுங்க, அப்புறம் எங்க ஊரைக் கேலி பண்ணுங்க" என்பாள். அதை நினைத்துத்தான் இந்த மீனைச் செய்தான்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவள் அம்மா ஹலீமா பீ ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியை அவள் முந்தானையில் முடிந்துவிட்டாள். "வெயில்ல போறே. தலைல ஒரு சொட்டாவது வையேண்டி. நாலு மாசமா வறண்டு கெடக்குது." முடிந்தது முடிந்தபடியே இருந்தது.

மதகுப் பக்கத்து ஆழத்தில் வேலாயுதம் மெதுவாகத் துடுப்புப் போட்டார். மெழுகு தேய்த்த கயிறு பின்னால் நீண்டது. மரமீன் இடுப்பை ஆட்டி ஆட்டி, நிஜ மீன் தோற்றுவிடும்படி ஓடி வந்தது. இஷ்தியாக்கின் முகம் மலர்ந்தது. கொஞ்ச தூரம்தான். அப்புறம் அது ஒருபக்கமாகச் சாய்ந்து ஈரக் கந்தலாக இழுபட்டது. எடுத்துப் பிழிந்து மறுபடி விட்டான், மறுபடியும் சாய்ந்தது.

"சாயபு, மீனுக்குத் தாகம் போல. ஏரியையே குடிக்குது."

அஃப்ஸர் கையை நீட்டினாள். மீனை வாங்கி, ஊறி உப்பிய தோலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இதுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"தெனம் நூறு தோலுக்கு எண்ணெய் போடுற ஆளு. சொந்த மீனுக்கு மறந்துட்டீங்க."

"எண்ணெய் போடுறதுக்கு முன்னாடியே ஒரு துண்டு எடுத்துட்டு வந்துட்டேன். அவசரம்."

"அப்படி இன்னா அவசரம்?"

"உன்னைப் பாக்கணும்னுதான்."

அவள் குனிந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். குப்பியைத் திறந்து உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினாள். "ஈரம் இருக்கும்போதே போட்டாத்தான் உள்ள எறங்கும்னு நீங்கதான சொல்வீங்க." முதலில் வயிறு, பிறகு முதுகு, பிறகு செவுளுக்குப் பின்னால் ஒற்றை விரலால் வழித்துத் தேய்த்தாள். மீனை மடியில் கிடத்தித் திருப்பிப் போட்டாள். அதே விரலைக் குழந்தையின் காதுக்குப் பின்னால் அவன் பதினோரு நாள் பார்த்திருக்கிறான். அவனால் அங்கே பார்க்க முடியவில்லை, தண்ணீரைப் பார்த்தான். வேலாயுதமும் துடுப்பை நிறுத்திவிட்டுக் கரையில் எதையோ தேடினார்.

கொஞ்ச நேரம் வெயிலில் வைத்துவிட்டு அவளே மீனைத் தண்ணீரில் விட்டாள். "கயிறு என்கிட்ட இருக்கட்டும்."

இந்தத் தடவை மீன் சாயவில்லை. மதகைத் தாண்டி இரண்டாவது சுற்று வரும்போது கயிறு வெடுக்கென்று இழுபட்டது. "ஏங்க!" என்று கத்தினாள். அவன் பாய்ந்து அவள் கையோடு சேர்த்துக் கயிற்றைப் பிடித்தான். தோணி திரும்பியது. தூரத்தில் வெள்ளி வயிறு ஒன்று ஆள் நீளத்துக்குப் புரண்டது.

"உடாதீங்க! வாளை! கயிறை உட்டுப் புடி பாப்பா, உட்டுப் புடி!" என்று வேலாயுதம் கூவினார்.

ஒரே உதறல். கயிறு தொய்ந்து, வெறும் நுனி தண்ணீரில் மிதந்தது.

"செருப்பையும் சேத்து முழுங்கிடுச்சே!" என்று வேலாயுதம் தலையில் கைவைத்தார்.

அஃப்ஸர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று இஷ்தியாக் பயந்துபோனான். பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீரும் வந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

"இன்னொண்ணு செய்யுங்க. எண்ணெய் நான் போடுறேன்."

சொல்லிவிட்டு, கையில் மிச்சமிருந்த எண்ணெயை எங்கே துடைப்பது என்று பார்த்தாள். பிறகு முக்காட்டைத் தள்ளித் தலையில் தேய்த்துக்கொண்டாள்.

இஷ்தியாக் வெறும் கயிற்றைச் சுருட்டினான். "சாயந்திரம் ரயிலு..."

"என் துணியெல்லாம் காலைலதான் தொவைச்சுப் போட்டேன்" என்றாள். "காயட்டும். நாளைக்குப் போலாம்."