நிறைந்த தொட்டி

கல்லறையிலிருந்து வந்த கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், மில்ட்டன் செடியறையில் முட்டிபோட்டு, காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தங்கையைப் புதைத்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தார்கள்.

“முள்ளு எழுபதத் தாண்டிருச்சு மச்சான்! ஈரம் உறிஞ்சுற மெஷின் நின்னு கெடக்கு. அதோட தண்ணித் தொட்டி ரொம்பி சிவப்பு லைட்டு எரியுது, பாக்கலையா நீ?”

லெயாந்த்ரோ கதவு நிலையில் சாய்ந்து நின்றான். பார்த்திருந்தான். நேற்றுக் காலை அவன் மனைவி அனாலியாவின் மூச்சு நின்ற சிறிது நேரத்தில் அதுவும் நின்றது.

சட்டம் அனுமதித்த ஆறு கஞ்சாச் செடிகள். குளிர்காலத்தில் மொந்தெவிதேயோவில் சுவரெல்லாம் வேர்க்கும். வீட்டில் காய்ந்திருப்பது இந்த அறை ஒன்றுதான். இங்கே இருமல் அடங்குகிறது என்று அனாலியா கட்டிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். மில்ட்டன் ஒரே ஒரு முறை வந்தான். நோயாளி வாடையில் தலை வலிக்கிறது என்று கூடத்திலேயே நின்று, போன அறுவடையில் ஒரு புட்டி நிறையக் காய்ந்த பூ வாங்கிக்கொண்டு போனான்.

மாடி வீட்டுக் கிழவி தோன்யா இர்மா தட்டோடு வந்தாள். வாயில் ரொட்டி.

“அந்தப் பொண்ணு தேவதைப்பா. இப்பல்லாம் செடி வாடையே மேல வர்றதில்ல.”

நாறுகிறது என்று கட்டட நிர்வாகியிடம் திரும்பத் திரும்பப் புகார் செய்தவள். அவளுக்காகத்தான் அனாலியா நிற்க முடியாத உடம்போடு பக்கத்தில் உட்கார்ந்து, வாடையை உறிஞ்சும் விசிறியின் கரி வடிகட்டியை லெயாந்த்ரோவைக் கொண்டு புதிதாக மாற்றவைத்தாள். “பாவம் லெயா, வயசானவங்க.”

லெயாந்த்ரோ கதவு நிலையை விட்டு உள்ளே வந்தான்.

மில்ட்டன் மெஷினிலிருந்து தொட்டியை உருவினான். “வெட்டுற நேரம்டா இது. இந்த ஈரத்துல பூவு உள்ளுக்குள்ளயே அழுகிடும். பாதி உனக்கு, பாதி எனக்கு. அவ இருந்தா அதத்தான் சொல்லுவா. இத எங்க கொட்ட?”

“கொட்டாத.”

“வெறும் தண்ணிதானேடா!”

தண்ணீர்தான். தினமும் காலையில் அனாலியா தொட்டியைக் காட்டச் சொல்வாள். “பாதி இந்தச் செடிங்க விட்ட மூச்சு, பாதி நான் விட்டது. பரவால்ல, இன்னும் நெறைய இருக்கே எங்கிட்ட” என்று சிரிப்பாள். அவன் அதைக் கொண்டுபோய்ச் சமையலறையில் கொட்டுவான். ஒரு நாள் தவறாமல்.

“குடு இங்க.”

“தொட்டி இல்லாம மெஷின் ஓடாது. பூவெல்லாம் போயிடும், பைத்தியக்காரா!”

“போகட்டும்.”

கைமாறியபோது கொஞ்சம் தெறித்தது. மில்ட்டன் துள்ளிப் பின்வாங்கித் தன் ஷூவைத் துடைத்தான்.

லெயாந்த்ரோ தொட்டியைக் கட்டிலில் வைத்தான். விசிறியை அணைத்தான். ஜன்னலை முழுக்கத் திறந்தான். ஆற்றுப் பக்கத்து ஈரக்காற்று உள்ளே வந்து இலைகளைப் புரட்டியது. வாடை கிளம்பி மேலே போயிற்று. ஈரமானியின் முள் ஏறத் தொடங்கியது.

“ஐயையே, இது என்னப்பா…” தோன்யா இர்மா தட்டைக் கீழே வைக்காமல் மூக்கைப் பொத்தினாள்.

அவன் கட்டிலோரம் உட்கார்ந்து தொட்டியை மடியில் வைத்துக்கொண்டான். தளும்பிய தண்ணீர் அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.