சினம் நீங்கிய பின்

குமாரசாமியின் பனியன் கம்பெனி வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. காலையில் அவருடைய கோபத்துக்கு ஆளாகி வெளியேற்றப்பட்டவன் வீட்டுக்குப் போவதில்லை, அம்மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். பொழுது சாய்வதற்குள் முதலாளிக்கு மனம் உருகிவிடும். ஆள் அனுப்பி அழைத்து, காப்பியும் கொடுத்து, மீண்டும் மெஷினுக்கு அனுப்புவார்.

அந்தக் கோபத்தின் அனல் வீட்டுக்குள்ளும் வீசியதுதான் அவர் மனைவி நல்லம்மாளுக்குத் தாளவில்லை. சென்னிமலை முருகனுக்குத் தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். மலையடிவாரத்தில் தங்கியிருந்த துறவியிடம் கணவனை அழைத்தும் போனாள். "மூச்சு வருவதையும் போவதையும் பார்த்திரு. கோபம் வந்தால் அதையும் அவ்வாறே பார்த்திரு, அதன் பின்னே போகாதே" என்றார் துறவி.

குமாரசாமி விடியல்தோறும் கண்மூடி அமர்ந்தார். மெல்ல மெல்லச் சோற்றுத் தட்டு பறப்பது நின்றது, குரல் தணிந்தது. சூரனைத் தடிந்த வேல் தன் வீட்டிலும் புகுந்து வினை முடித்ததென்று நல்லம்மாள் கண்ணீர் மல்கினாள்.

கார்த்திகையில் ஒருநாள் ஆத்தப்பன் மெஷினில் ஊசி முறிந்தது, அவன் கவனிக்கவில்லை. துணியில் நெடுகக் கோடு விழுந்துவிட்டது.

"நாளையிலிருந்து வரவேண்டாம் ஆத்தப்பா" என்றார் முதலாளி, மிக மென்மையாக.

அவன் வழக்கம்போல் மரத்தடிக்குப் போனான். நூல்மூட்டை இறக்க வந்த மயில்சாமி சிரித்தான். "இன்னிக்கு நீதான் மாப்பிள்ளையா? வெயில் தாழட்டும், அழைப்பு வந்துரும்."

வெயில் தாழ்ந்தது, அழைப்பு வரவில்லை. ஆத்தப்பன் மனைவிக்கு நிறைமாதம் என்பதை அறிந்த நல்லம்மாள் கணவனிடம் சென்றாள்.

"ஏனுங்க, ஆத்தப்பன் இன்னும் மரத்தடியிலயே இருக்கறானுங்க. கூப்பிட்டு உடுங்க. கோவத்துல சொன்னதுதானுங்களே."

"கோவமே வரலியே நல்லம்மா. யோசிச்சுத்தான் சொன்னேன்."

"மனசு சங்கடப்படலீங்களா?"

"பட்டுச்சு. மத்தியானம் பூரா நெஞ்சு கனமா இருந்துச்சு. கண்ணை மூடிப் பாத்துட்டே இருந்தேன். போயிருச்சு."

கருவறைச் சுடர்போல் அசைவற்றிருந்தது அவர் முகம்.

வெளியே ஆத்தப்பன் எழுந்து நின்றான். "கூப்பிட்டாருங்களா அம்மா?"

"ஊட்டுக்குப் போ ஆத்தப்பா."

"இன்னுங் கொஞ்சம் இருக்கறேனுங்க. மொதலாளி மனசு எனக்குத் தெரியுமுங்க."



தைப்பூசத்தன்று நல்லம்மாள் பால்குடம் தாங்கி மலையேறினாள். அதற்குள் ஆத்தப்பன் கைக்குழந்தையோடு சோமனூர்ப் பக்கம் பிழைக்கப் போயிருந்தான். கேட்டதைக் கொடுத்த தெய்வத்துக்கு நேர்ந்ததைச் செலுத்தாமல் இருக்கலாகாது. பால் வேலின்மீது வழிந்தபோது, அந்தக் கோபத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க அவள் நா எழுந்தது. அருகில் கைகூப்பி நின்ற கணவரின் சாந்தத்தைக் கண்டு பிறர் வணங்கி ஒதுங்கினார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.