வெறும் முகம்

கதாநாயகனுக்கு அம்மா வேடம். பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பழைய நடிகையைத் தேடி வந்த வாய்ப்பு. ஒரே நிபந்தனை: முகத்தில் துளி ஒப்பனை இருக்கக் கூடாது என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

அவளோ வழக்கம்போல வீட்டிலேயே எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கண்ணோரத்தில் வால் விட்ட மை, சவுரி வைத்துத் தூக்கிய கொண்டை, நெற்றியில் ஏறி வளைந்த புருவம். ஒரு காலத்தில் பெண்கள் அவள் படத்தைக் கத்தரித்துக்கொண்டு போய்த் தையல்காரரிடம் நீட்டியிருக்கிறார்கள், இதே கை, இதே கழுத்து வேண்டும் என்று.

ஒப்பனைக்காரப் பெண் பஞ்சை எண்ணெயில் நனைத்தாள். கொண்டை இறங்கியது. மை போயிற்று. புருவத்துக்கு வந்தபோது நடிகை அவள் கையைப் பிடித்தாள்.

"அதை மட்டும் விட்டுடு கண்ணு."

"டைரக்டர் என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவாரும்மா. ஏன், அடியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதான் சங்கதி."

முதல் படத்திலிருந்தே புருவத்தை நூலால் பறித்துப் பறித்து, மேலே தள்ளிப் பென்சிலால் வரைந்தார்கள். பாணி மாறியபோது முடி திரும்ப முளைக்கவில்லை. கணவர் கண் விழிக்குமுன் எழுந்து வரைந்துகொள்வாள். கடைசிவரை அவருக்குத் தெரியாது.

"புருவமா வில்லான்னு பத்திரிகையில எழுதினாங்க. அம்பு பட்டவனெல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு, வில்லு மட்டும் நிக்குது."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவளே பஞ்சை வாங்கித் துடைத்தாள். வந்த வாய்ப்பை விட மனமில்லை.

தளத்தில் அவள் போய் விளக்கொளியில் நின்றாள். இயக்குநர் மானிட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பார்க்கிறவங்க ஏதோ சீக்குன்னு நினைச்சுடுவாங்க. இயல்பா ஒரு புருவம் ஒட்டிட்டு வந்துடுங்களேன்."

"வெறும் முகம் கேட்டீங்களே தம்பி?"

"ஆமாம்மா. அதுக்காக இவ்வளவு வெறுமையாவா?"

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒப்பனைக்காரப் பெண் எலும்பின் மேட்டைத் தடவிப் பார்த்து, பிறவியில் புருவம் இருந்த இடத்திலேயே நரைத்த முடிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். அடர்த்தியாக, கொஞ்சம் ஒழுங்கில்லாமல்.

கண்ணாடியில் நடிகையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். முதல் படப்பிடிப்பு முடிந்து வீடு திரும்பிய மகளைப் பார்த்து, "என் ஜாடையை எங்கடி தொலைச்சிட்டு வந்தே?" என்று கேட்டவள்.

நடிகையின் விரல் மெல்ல மேலே போயிற்று.

"தொட்டுடாதீங்கம்மா. பசை இன்னும் காயல."

கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.