எல்லாமே பெட்டிக்குள்ள இருக்கு

அந்த இசைக்குழுவிலிருந்து யார் விலகினாலும் அவருடைய வாத்தியம் மாப்பிள்ளையின் தலையில்தான் வந்து விழும். குழுவை நடத்தியவர் அவனுடைய மாமனார். பாடியவர்கள் அவரும் அவர் மகளும். கீபோர்டு வாசிக்க வந்தவன் அந்த மகளையே கட்டிக்கொண்டு மாமனார் வீட்டு மாடியறையில் குடியேறினான். அன்றிலிருந்து குழுவில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான்.

முதலில் புல்லாங்குழல்காரர் வேலை மாற்றலாகிப் போனார். "அதனால என்ன மாப்ளே, எல்லாமே பெட்டிக்குள்ள இருக்குல்ல?" என்று கீபோர்டைக் காட்டினார் மாமனார். அதுவரை ஒரு சமயத்தில் ஒரே ஒலியை வைத்து நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தவன், கட்டைகளை இரண்டாகப் பிரித்து வலப்பக்கம் குழலும் இடப்பக்கம் பியானோவுமாக வைத்துக்கொண்டான். அடுத்து வயலின் அம்மாவுக்குத் தோள்வலி. பியானோவின் மேல் வயலின் கூட்டத்தை அடுக்கினான்; ஒரு கட்டையைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து ஒலித்தன. பேஸ் கிதார்காரர் மாமனாரோடு முறைத்துக்கொண்டு போனபோது, பல ஒலிகளைத் தனித்தனியே ஓடவிடும் மல்டி முறைக்கு மாறவேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் அடியில் பாட்டு முழுக்க ஒலிக்கும் சுதி வேறு. மிஞ்சியவர் டிரம்ஸ் அண்ணன் ஒருவர்தான்.

மேடையில் அவன் இடம் எப்போதும் மூலை. முன்னால் கீபோர்டு, பக்கத்தில் ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் சுவர். உட்கார்ந்துவிட்டால் நிகழ்ச்சி முடியும்வரை எழ வழியில்லை. வீட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். மாடிப்படி மாமனாரின் கூடத்துக்குள்தான் இறங்கும். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தால், "எங்க மாப்ளே கிளம்பிட்டீங்க?" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். எங்கேயும் இல்லை என்று சொல்லித் திரும்ப ஏறிய நாட்கள் உண்டு.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில், மாமனார் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடிய பாட்டின் கடைசிச் சரணத்தில் சுதி சட்டென்று அறுந்தது. அவன் பெடலை மிதித்தபடி வயலினையும் குழலையும் ஒன்றாக ஓடவிட்ட நேரம் அது. பிடிமானம் போன மாமனாரின் குரல் எங்கோ இறங்கி அலைந்தது. முன்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"வேணும்னே பண்ணீங்களா?" என்றார் வேனில் ஏறியதும்.

"ஐயோ, இல்ல மாமா. பெட்டிக்கு ஒரு அளவு இருக்கு."

மறுநாள் காலை அவனைக் கூடத்தில் உட்காரவைத்து விளக்கச் சொன்னார். மனைவியும் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரே நேரத்துல முப்பத்திரண்டு சத்தம்தான் இதுக்குள்ள அடங்கும் மாமா. ஒரு கட்டையை அழுத்தினா பியானோ ஓர் இடம் எடுத்துக்கும், வயலின் கூட்டம் ரெண்டு மூணு இடத்தைப் பிடிச்சுக்கும். பெடலை மிதிச்சிருந்தா விரலை எடுத்தாலும் இடம் காலியாகாது. எல்லாம் நிறைஞ்ச பிறகு புதுசா ஒண்ணு வந்தா, ரொம்ப நேரமா இருக்கிறதை வெளிய தள்ளிடும். பாட்டு ஆரம்பத்துலேர்ந்து இருக்கிறது உங்க சுதிதான்."

"மூத்தவங்களைத்தான் முதல்ல வெளிய தள்ளுமா? நல்ல மரியாதை!"

அன்று முழுக்க உட்கார்ந்து சரிசெய்தான். சுதிக்கென்று ஓர் இடத்தை யாரும் தொட முடியாதபடி ஒதுக்கினான். குழலை மோனோ முறைக்கு மாற்றினான். புதிய சுரம் வந்ததும் பழையது தானாக விலகிக்கொள்ளும். வயலின் கூட்டத்தை மெலியவைத்தான். மாமனார் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். இவ்வளவு அக்கறையா என்று அவனுக்கே ஆச்சரியம்.

அடுத்த நிகழ்ச்சியில் ஒரு சுரம்கூட அறவில்லை. மாமனார் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"இப்ப உள்ள இடம் மிச்சம்தானே மாப்ளே?"

"நிறைய மிச்சம் மாமா." சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது.

"அப்ப தாளத்தையும் உள்ள விட்டுடலாமே."

"தாளம் ரொம்ப இடம் தின்னும். மறுபடி சுதி அறுந்துடும்."

"அதான் சுதிக்குத் தனியா ஒதுக்கிட்டீங்களே. வேணும்னா வயலினை இன்னும் குறைச்சுக்குங்க. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க!"

டிரம்ஸ் அண்ணன் தன் சாமான்களை எடுத்துப்போக வந்த அன்று மாப்பிள்ளை முகம் கொடுக்க முடியாமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "விடுங்க மாப்ளே, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் அவர். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த மேடையில் பெட்டியின் தாளம் பிசிறில்லாமல் ஓடியது. கடைசிச் சரணம் வந்தது. மாமனார் மூச்செடுக்க நின்றார், தாளம் நிற்கவில்லை. எட்டிப் பிடிக்கப் பார்த்து ஒரு வரியை விழுங்கினார், அடுத்த வரியில் இருமல் பிடித்துக்கொண்டது. மகள் சமாளித்து அந்த வரியைத் தானே பாடி முடித்தாள். மாமனார் தண்ணீர் பாட்டிலைத் தேடி ஒதுங்கியதை மாப்பிள்ளை மூலையிலிருந்து பார்த்தான். தாளத்தை நிறுத்தக்கூட அவனிடம் ஒரு விரல் சும்மா இல்லை.

திரும்பும் வழியில் மகள் சொன்னாள்: "டிரம்ஸ் அண்ணன் உங்க மூச்சைப் பார்த்துப் பார்த்து நிறுத்தி வாசிப்பாருப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு நெருங்கும்போது, "அதைக் கொஞ்சம் மெதுவா போகச் சொல்ல முடியாதா மாப்ளே?" என்றார்.

"முடியும் மாமா. எந்த இடத்துல மெதுவா போகணும்னு அதுக்குத் தெரியாது."

மறுநாள் மாமனார் மாடியேறி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, "அவர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றார். மாப்பிள்ளை போன் செய்தான். டிரம்ஸ் அண்ணன் சிரித்தார். ஒரு நடனக் குழுவில் சேர்ந்துவிட்டாராம், வர முடியாதாம். "இங்க கீபோர்டுக்கும் ஆள் தேடறாங்க. உங்களுக்குச் சொல்லி வைக்கட்டுமா? கீபோர்டு மட்டும் வாசிச்சாப் போதும்."

மாமனார் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவருகே மனைவி நின்றாள்.

"அப்புறம் பேசறேண்ணே" என்று போனை வைத்தான். "வரலையாம் மாமா."

வேறு வழியில்லாமல் தாளத்தையும் கையாலேயே வாசிக்கத் தொடங்கினான். இடக்கைக் கட்டைகளில் டிரம்ஸ், வலக்கையில் குழலும் பியானோவும் மாறி மாறி, கண் மாமனாரின் தோள்மேல். தோள் ஏறினால் மூச்செடுக்கிறார் என்று அர்த்தம். அப்போது தாளத்தைத் தாமதிப்பான். வயலினும் பேஸும் போயின. பாட்டு மெலிந்துதான் இருந்தது. ஆனால் மாமனார் கடைசி வரியைத் தடுமாறாமல் தொட்டார்.

"இதுவும் கைக்கு வந்துடுச்சு பாருங்க!" என்றார் சாமான் கட்டும்போது.

"அப்பா, அவருக்கு இருக்கிறது ரெண்டு கைதான்" என்றாள் மகள்.

"அது போதாதா?" என்று மாமனார் சிரித்தார். வேன் டிரைவரும் சிரித்தார். மாப்பிள்ளையும் கூடவே சிரித்துவைத்தான். சிரித்து முடித்த பிறகுதான், சொல்லவேண்டியதைச் சொல்ல வாகான நேரம் அதுதான் என்று தோன்றியது. அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

அன்று மாடியறையில் மனைவி கேட்டாள்: "போன்ல அண்ணன் வேற என்ன சொன்னாரு?" சொன்னான். "அப்பாவை நான் பார்த்துக்கறேன். நீங்க அண்ணன்கிட்ட பேசுங்க" என்றாள்.

அவன் பேசுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதற்குள் நடனக் குழுவில் அந்த இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டிருந்தது. "சொன்ன கையோட பேசியிருக்கலாமே மாப்ளே" என்று வருத்தப்பட்டார் டிரம்ஸ் அண்ணன். "இன்னொண்ணு வந்தா சொல்றேன். அப்ப யோசிக்கக் கூடாது."

"யோசிக்க மாட்டேண்ணே. கட்டாயம் வந்துடறேன்."

மாடியறைக் கதவு திறந்துதான் இருந்தது. கீழே கூடத்தில் மாமனார் இருப்பது தெரிந்தும் அவன் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.